மேடையில் மேற்கோள் எத்தனை சொல்லலாம், எந்த இடத்தில் சொல்லலாம்?

வைகைக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் கணக்கு டீச்சருக்குப் பணி நிறைவுப் பாராட்டு விழா. பழைய மாணவர்கள் சார்பில் நான் பேச வேண்டும், ஏழு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மேடை புதிது. இதற்கு முன் ஒரே ஒரு முறை, எங்கள் அலுவலகப் பொங்கல் விழாவில் பேசினேன். "இடுக்கண் வருங்கால் நகுக" என்று கணீரென்று ஆரம்பித்துவிட்டு இரண்டாவது அடி வராமல் அப்படியே நின்றுவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஒருவர்தான் எடுத்துக் கொடுத்தார். அதற்கு அப்புறம் என்ன பேசினேன் என்பதே நினைவில்லை, வீட்டுக்கு வந்து அழுதேன்.

இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று இரண்டு வாரமாக மேற்கோள் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போது கையில் 14 இருக்கின்றன. "கற்க கசடற", "கேடில் விழுச்செல்வம்", ஔவையாரின் "எழுத்தறிவித்தவன் இறைவன்", "மாதா பிதா குரு தெய்வம்", பாரதியின் "மெல்லத் தமிழினிச் சாகும்" (டீச்சர் கணக்கைத் தமிழிலேயே அழகாக நடத்துவார், அதற்காக), அப்துல் கலாம் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வந்தவை மூன்று, வால்டேர் ஒன்று, ஐன்ஸ்டைன் இரண்டு, இன்னும் சில. எல்லாமே நன்றாக இருக்கின்றன, எதை விடுவது என்று தெரியவில்லை. எத்தனை வைத்துக்கொள்ளலாம்? ஆரம்பத்தில் சொல்வதா, முடிவில் சொல்வதா? மறக்காமல் இருக்க என்ன வழி?

டீச்சரைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை, அதனால்தான் மேற்கோளை நம்பியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நடந்த ஒன்றுதான் நினைவில் இருக்கிறது. கோடையில் விடியற்காலையில் அம்மாவோடு ஆற்றுக்குப் போய், மணலில் ஊற்றுத் தோண்டி, தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவேன். தினமும் தாமதம், தினமும் வகுப்புக்கு வெளியே நிற்பேன். டீச்சர் ஒருநாள் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, அரை மணி நேரத்தில் எத்தனை குடம் ஊறுகிறது, இன்னும் ஒரு சாண் தோண்டினால் எத்தனை குடம், அதற்கும் கீழே ஒரு சாண் போனால் எத்தனை என்று கேட்டுக்கொண்டே போய், நான் சொன்னதை வைத்தே வரைபடம் போட்டார். வரைபடம் என்றால் என்ன என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இதெல்லாம் மேடையில் சொல்கிற விஷயமா என்று தெரியவில்லை.

தமிழாசிரியை (ஓய்வு) எழுதியது:

அம்மா, 31 வருடம் தமிழ் நடத்தியவள் என்கிற உரிமையில் சொல்கிறேன், அந்தப் பதினான்கையும் ஓரமாக எடுத்து வையுங்கள். உங்களுக்கு வேண்டிய மேற்கோள், "பெரிதாக எதுவும் இல்லை" என்று நீங்கள் எழுதிய அந்தக் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது.

"தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்
கற்றனைத் தூறும் அறிவு"

கல்வி அதிகாரத்தில் வருவது, 396ஆவது குறள். இங்கே தொடுதல் என்றால் தோண்டுதல். மணலில் எவ்வளவு தோண்டுகிறோமோ அவ்வளவு நீர் ஊறும், எவ்வளவு கற்கிறோமோ அவ்வளவு அறிவு ஊறும். இவ்வளவுக்கு இவ்வளவு என்பதைக் கணக்கில் நேர்விகிதம் என்பார்கள் அல்லவா? உங்கள் டீச்சர் அன்றைக்குக் கரும்பலகையில் வரைந்தது இந்தக் குறளைத்தான், குறள் என்று சொல்லாமல் வரைந்திருக்கிறார். நான் இதை எத்தனையோ வகுப்பில் நடத்தியிருக்கிறேன். மணற்கேணி என்றால் என்ன என்று படம் போட்டுத்தான் காட்ட வேண்டியிருந்தது, கையால் தோண்டிய பிள்ளை ஒன்றுகூட எனக்கு வாய்க்கவில்லை. உங்களுக்கு அது வாய்த்திருக்கிறது, கேட்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கும் வாய்த்திருக்கும். வேறு எந்த ஊர் மேடையிலும் இந்தக் குறளுக்கு இவ்வளவு பொருத்தம் கிடைக்காது.

மேற்கோளை அடுக்கும் பழக்கம் நமக்குப் பள்ளிப் பேச்சுப் போட்டியிலிருந்து வருகிறது. மேற்கோளுக்கு மதிப்பெண் உண்டு என்று நானே பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் எட்டு மேற்கோள் மனப்பாடம் செய்து கொடுத்து அனுப்பியிருக்கிறேன், பரிசும் வாங்கி வந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் அந்தத் தலைப்பைப் பற்றித் தாங்களாக ஒரு வாக்கியம்கூட யோசிக்காமல் திரும்பி வந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

அப்புறம் உங்கள் பட்டியலில் மூன்றைப் பற்றி. "எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்" ஔவையார் பாடியது இல்லை, அதிவீரராம பாண்டியர் இயற்றிய வெற்றிவேற்கையில் வருவது. நிறைய மேடையில் ஔவையார் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. "கேடில் விழுச்செல்வம்" குறள் "மாடல்ல மற்றை யவை" என்று முடியும். மாடு என்பதற்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் கேட்பவர் மனதில் கொம்பு வைத்த மாடுதான் வந்து நிற்கும். விளக்கம் சொல்ல நேரம் இல்லாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

பாரதி விஷயம் இன்னும் முக்கியமானது. "மெல்லத் தமிழினிச் சாகும்" என்று பாரதி தன் கருத்தாகச் சொல்லவில்லை. தமிழ்த்தாய் பேசுவதாக அமைந்த பாட்டு அது. புதிய கலைகளைச் சொல்லும் திறமை தமிழுக்கு இல்லை, தமிழ் மெல்லச் சாகும், மேற்கு மொழிகள் ஓங்கும் என்று ஒருவன் சொன்னானாம். அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே "என்றந்தப் பேதை உரைத்தான்" என்கிறாள் தாய். இந்த வசை எனக்கு வரலாமா என்று கேட்டுவிட்டு, எட்டுத் திக்கும் போய்க் கலைச்செல்வங்களைக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்கிறாள். பேதை சொன்னதை வெட்டி எடுத்துப் பாரதி வாயில் வைப்பது அவருக்குச் செய்கிற அநியாயம். கணக்கைத் தமிழில் நடத்திய ஒருவருக்குச் சொல்ல வேண்டியது "சென்றிடுவீர் எட்டுத் திக்கும்" என்ற பகுதிதான், அதுவும் நேரம் இருந்தால்.

எந்த இடத்தில் சொல்வது என்று கேட்டீர்கள். ஆரம்பத்தில் வேண்டாம். முதலில் ஆறு, ஊற்று, குடம், கரும்பலகை. குறள் அதற்குப் பிறகு.

பட்டிமன்றத் தம்பி எழுதியது:

தமிழாசிரியை அம்மா சொன்னதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம், ஆரம்பத்தில் மேற்கோள் கூடாது என்பதில் மட்டும் கொஞ்சம் வேறுபடுகிறேன். கோயில் திருவிழா மேடையில் பேசிப் பார்த்தால் தெரியும். கீழே ஜனங்கள் உட்கார்ந்து முடிந்திருக்க மாட்டார்கள், பஜ்ஜிக் கடை சத்தம், குழந்தை அழுகை. அந்த நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரியைப் பாதி சொல்லி நிறுத்தினால், "யாதும் ஊரே" என்று நிறுத்தினால், கூட்டமே "யாவரும் கேளிர்" என்று முடிக்கும், அந்த ஒரு நொடியில் அத்தனை காதும் நம் பக்கம் திரும்பும். கேட்பவருக்கு முன்பே தெரிந்த வரிக்குத்தான் இது பலிக்கும். அக்கா விஷயத்தில் 396 அந்த அளவுக்கு எல்லோர் வாயிலும் இருக்கிற குறள் இல்லை, அதனால் இந்த மேடைக்கு அம்மா சொன்ன இடம்தான் சரி.

அக்கா பொங்கல் விழாவில் தடுமாறியதற்கு நினைவாற்றல் காரணமே இல்லை என்று நினைக்கிறேன். நாம் குறளைப் படிக்கிற விதம்தான் காரணம். பள்ளியில் முதல் அடி நான்கு சீர், இரண்டாம் அடி மூன்று சீர் என்று அடியடியாக மனப்பாடம் செய்கிறோம், ஆனால் பொருள் அடியின் ஓரத்தில் முடிவதில்லை. "இடுக்கண் வருங்கால் நகுக" என்பதோடு ஒரு வாக்கியம் முடிந்துவிடுகிறது. "அதனை" என்பது அடுத்த வாக்கியத்தின் முதல் சொல், அது மட்டும் முதல் அடியின் கடைசியில் தனியாகத் தொங்குகிறது. நகுக என்று சொல்லி மூச்சு விட்டீர்கள் என்றால் "அதனை" நழுவும், அது நழுவினால் "அடுத்தூர்வது" எப்படி வரும்? இப்படிப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள்: இடுக்கண் வருங்கால் நகுக. அதனை அடுத்து ஊர்வது, அஃது ஒப்பது இல். துன்பத்தை மேலும் மேலும் நெருங்கிப் போய் வெல்ல அந்தச் சிரிப்பைப் போல வேறொன்று இல்லை. பொருள் புரிந்து பிரித்தால் மறக்கவே மறக்காது.

"கற்க கசடற"வும் இதே கதைதான். "கற்பவை" என்ற இடத்தில் நிறுத்தி, "கற்றபின்" என்பதை "நிற்க அதற்குத் தக" என்பதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். மேடையில் பாதிப் பேர் "கற்றபின்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு நிற்பார்கள்.

இன்னொன்று, மேடையில் நான் எப்போதும் பொருளை முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் குறளைச் சொல்வேன். தோண்டத் தோண்ட ஊறும் என்று நம் பேச்சில் கேட்டுவிட்டால், பிறகு "தொட்டனைத் தூறும்" என்று காதில் விழும்போது யாருக்கும் உரை தேவைப்படாது. முதலில் குறளைச் சொன்னால் கேட்பவர் "தொட்ட" என்றால் கை பட்டது என்று நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவார், நீங்கள் அடுத்த பத்திக்குப் போயிருப்பீர்கள். அதிகார எண், குறள் எண் எதுவும் வேண்டாம், அதெல்லாம் பேச்சுப் போட்டிக்கு. அப்புறம் ஒரு அட்டையில் குறளைப் பெரிய எழுத்தில், பொருள் பிரித்து எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துச் சொல்வதில் எந்த வெட்கமும் இல்லை. தப்பாகச் சொல்லாமல் இருப்பதுதான் குறளுக்கும் டீச்சருக்கும் மரியாதை.

நூலக மேசை எழுதியது:

நான் நூலகத்தில் வேலை செய்கிறேன், பேச்சாளர்கள் வந்து "இது யார் சொன்னது" என்று கேட்பது வழக்கம், அதனால் யார் சொன்னது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் வைத்திருக்கும் வால்டேர் வரி, "உன் கருத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்பதுதானே? அது வால்டேர் எழுதியது இல்லை. எவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் வால்டேரையும் அவர் நண்பர்களையும் பற்றி 1906இல் வெளியிட்ட புத்தகத்தில், வால்டேரின் மனப்பான்மை இப்படி இருந்தது என்று தன் சொல்லில் எழுதினார். வால்டேர் இறந்தது 1778இல். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதிய வாக்கியம் அவருடைய வாய்ச்சொல்லாக மாறிவிட்டது. நம் ஊரிலும் இப்படி நடக்கிறது. "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" திருமூலரின் திருமந்திரத்தில் இருப்பது, அண்ணா அதை மேடைக்கு மேடை எடுத்துச் சென்றதால் இன்று பலர் அது அண்ணாவின் வரி என்றே நினைக்கிறார்கள். "யாதும் ஊரே" வள்ளுவர் சொன்னது என்று பேசியவரை நானே கேட்டிருக்கிறேன், அது கணியன் பூங்குன்றனாருடையது, புறநானூற்றில் 192ஆவது பாட்டு.

வாட்ஸ்அப்பில் வரும் கலாம் பொன்மொழிக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: எந்தப் புத்தகம் அல்லது எந்த உரை, எந்த வருடம் என்று கேட்பேன். அவர் நிறைய எழுதியவர், நிறையப் பேசியவர், உண்மையில் சொன்னது என்றால் கண்டுபிடிக்க முடியும். படத்தோடு வந்த வரியில் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். "யாரோ ஒரு பெரியவர் சொன்னார்" என்று மாற்றிச் சொல்லவும் வேண்டாம், அந்தக் கருத்து உங்களுக்குச் சரி என்று பட்டால் உங்கள் கருத்தாகவே சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லலாம். பழைய தமிழ் நூல் என்றால் சரிபார்ப்பது இன்னும் எளிது. மதுரைத் திட்டம் என்ற இணையத் தளத்தில் 1998இலிருந்து நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. ஒரு வரியைத் தேடி எடுத்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பத்து வரியையும் படித்துவிடுங்கள், அம்மா சொன்ன பாரதி சங்கதி உங்களுக்கு வேறெங்கும் நேராது.

வைகைக்கரை எழுதியது:

நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். 396 எனக்குத் தெரிந்த குறள்தான், பள்ளியில் படித்ததுதான், ஆனால் எங்கள் ஆற்று ஊற்றும் அந்த மணற்கேணியும் ஒன்று என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், "அட, நம்ம ஊத்து" என்றார்.

ஒரே ஒரு பயம். என் கதையைச் சொன்னால், டீச்சர் விழாவில் தன்னைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைக்க மாட்டார்களா? மேற்கோள் என்றால் பெரியவர்கள் வாக்கு, அதில் தப்பு வராது என்று ஒரு தைரியம் இருந்தது.

கடல் தாண்டி எழுதியது:

சகோதரி, உங்கள் பயத்துக்கு எனக்கு நினைவு வருவது 1968 ஏப்ரல் 4 இரவு அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடி இண்டியானாபொலிஸ் நகரில் பேசியது. தேர்தல் பிரசாரத்துக்காக வந்தவர், கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், அவர்களுடைய உரிமைக்காகப் போராடிய தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி அவர்களில் பலருக்கு அப்போது தெரியாது. அதை அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு லாரியின் மேல் நின்று சில நிமிடம்தான் பேசினார். அந்தப் பேச்சில் அவர் பழைய கிரேக்க நாடகக் கவி ஈஸ்கிலஸின் வரிகளைச் சொன்னார், மறக்க முடியாத வலி தூக்கத்திலும் இதயத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விழுகிறது, நம் விருப்பத்தையும் மீறிக் கடைசியில் ஞானம் வருகிறது என்கிற மாதிரியான வரிகள். அந்த இரவில், அந்தக் கூட்டத்தில், இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழைய கிரேக்கக் கவிதை எப்படி எடுபட்டது?

அதற்கு முன்னால் அவர் என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டும். என் குடும்பத்திலும் ஒருவர் கொல்லப்பட்டார், அவரைக் கொன்றவனும் ஒரு வெள்ளைக்காரன்தான் என்றார். 1963இல் கொல்லப்பட்ட அவருடைய அண்ணன், அதிபர் ஜான் கென்னடியைப் பற்றித்தான் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சொன்ன பிறகுதான் கவிதைக்குப் போனார், அதுவும் எனக்குப் பிடித்த கவிஞர் என்று சொல்லிக்கொண்டு. தன் துக்கத்தில் தான் பிடித்துக்கொண்ட கொம்பை அவர்களுக்கும் நீட்டுகிறார் என்பது கேட்டவர்களுக்குப் புரிந்திருக்கும். அதே வரிகளை எடுத்தவுடன் சொல்லியிருந்தால், படித்த பணக்காரர் ஏதோ புத்தகத்தை ஒப்பிக்கிறார் என்றுதான் பட்டிருக்கும்.

அவர் தன்னைப் பற்றிச் சொன்னது தன்னைக் காட்டிக்கொள்ள இல்லை, அந்த வரியைச் சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று காட்ட. உங்கள் கதையில் நீங்கள் ஊற்றுத் தோண்டுகிற பிள்ளையாக நின்றாலும், கரும்பலகையில் சாக்பீஸோடு நிற்பது டீச்சர்தான். கேட்கிறவர்கள் அவரைத்தான் பார்ப்பார்கள்.

வைகைக்கரை எழுதியது:

சரி, நேற்று ராத்திரி உட்கார்ந்து நடுப்பகுதியை மட்டும் எழுதினேன். திருத்திக் கொடுங்கள்.

"கோடையில் நம் நதி வறண்டுவிடும், உங்களுக்கே தெரியும். விடியும் முன்பே மணலில் ஊற்றுத் தோண்டுவோம். முதல் ஒரு சாண் ஈரம்தான். அரை மணி நேரம் காத்திருந்தால் ஒரு குடம். இன்னும் ஒரு சாண் தோண்டினால் இரண்டு குடம். அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டு நான் தாமதமாக வந்த ஒரு நாள், டீச்சர் என்னிடம் ஏன் லேட் என்று கேட்கவில்லை. எத்தனை குடம் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் புள்ளி வைத்தார். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டார். இதுதான் வரைபடம், இதை நீ தினமும் ஆற்றில் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்றார். தோண்டத் தோண்ட ஊறும். படிக்கப் படிக்க அறிவும் அப்படித்தான் ஊறும். தொட்டனைத்து ஊறும் மணற்கேணி. மாந்தர்க்குக் கற்றனைத்து ஊறும் அறிவு. டீச்சர், எங்களைத் தோண்ட வைத்தது நீங்கள்."

கற்க கசடற, கேடில் விழுச்செல்வம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பாரதியை மட்டும் கடைசியில் வைக்கட்டுமா என்று இன்னும் யோசனையாக இருக்கிறது.

பட்டிமன்றத் தம்பி எழுதியது:

வேண்டாம் அக்கா. "எங்களைத் தோண்ட வைத்தது நீங்கள்" என்று சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்து ஒரு நொடி நில்லுங்கள். அந்த இடத்தில் பாரதி வந்தால் கண்கள் எல்லாம் டீச்சரை விட்டு உங்கள் பக்கம் திரும்பிவிடும். அவரை வைத்தே தீர வேண்டும் என்றால் முன்னால் கொண்டுபோங்கள், கணக்கைத் தமிழில் நடத்தியதைச் சொல்கிற இடத்தில் ஒரு வரியாக வரட்டும்.

தமிழாசிரியை (ஓய்வு) எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது அம்மா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. சின்னத் திருத்தம் இரண்டு. "நம் நதி" என்று மேடைக்காக மாற்றியிருக்கிறீர்கள், இங்கே கேள்வி எழுதும்போது "ஆறு" என்றுதான் எழுதினீர்கள், ஆறு என்றே இருக்கட்டும். "ஏன் லேட்" என்று எழுதியிருப்பதை மாற்ற வேண்டாம், டீச்சர் கேட்டிருந்தால் அப்படித்தான் கேட்டிருப்பார். அப்புறம் ஒரு சாணுக்கு எத்தனை குடம் என்பதை உங்கள் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஊற்றுத் தோண்டியவர்கள் நிறையப் பேர் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.